வியன்னாவின் மௌனம்



1914 ஜூன் 28, ஞாயிற்றுக்கிழமை. பாரிஸ் நகரத்து லோங்ஷாம் திடலில் பெரிய குதிரைப் பந்தயம் நடந்துகொண்டிருந்தது. பிரான்சின் குடியரசுத் தலைவர் புவான்காரே அங்கே இருந்தார். அவரைச் சுற்றி வெளிநாட்டுத் தூதர்கள் இருந்தார்கள். பந்தயத்தின் நடுவே ஒரு தந்தி வந்தது. ஆஸ்திரிய-ஹங்கேரியின் பட்டத்து இளவரசர் பிரான்ஸ் ஃபெர்டினாண்டும் அவருடைய மனைவி சோஃபியும் போஸ்னியாவின் தலைநகரான சரயேவோவில் சுட்டுக் கொல்லப்பட்டார்கள் என்று அதில் இருந்தது. ஆஸ்திரியத் தூதர் உடனே விடைபெற்றுக் கிளம்பினார். புவான்காரேயும் மற்றவர்களும் கடைசிப் பந்தயம் வரை இருந்துவிட்டுத்தான் எழுந்தார்கள்.

அன்றே கீல் துறைமுகத்தில் ஜெர்மன் பேரரசர் இரண்டாம் வில்ஹெல்ம் பாய்மரப் போட்டியில் இருந்தார். ஒரு விசைப்படகு அவருடைய படகை நெருங்கியது. செய்தி எழுதிய தாளை ஒரு சிகரெட் பெட்டிக்குள் வைத்து மேலே எறிந்தார்கள். அந்தத் துறைமுகத்தில் பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் விருந்தாளிகளாக நங்கூரமிட்டிருந்தன. அன்றிலிருந்து 37-ஆம் நாள் பிரிட்டனும் ஜெர்மனியும் போரில் இறங்கின.

அந்த 37 நாள்களைப் பற்றி ஒரு நூலகமே நிரம்பும் அளவுக்கு எழுதியிருக்கிறார்கள். யார் குற்றவாளி என்ற வழக்கை இன்றைக்கு இங்கே நடத்த நான் வரவில்லை. செய்தி சேகரிப்பதும், சேகரித்ததை எடைபோட்டுத் தம் அரசுக்குச் சொல்வதும் தூதர்களின் தொழில். அந்தத் தொழிலிலேயே வாழ்நாளைக் கழித்தவர்கள் ஒரு கொலையைப் பார்த்தார்கள், அதன் பின்னால் போர் வருவதையும் பார்த்தார்கள். எப்படிப் பார்த்தார்கள்? எதைப் பார்க்காமல் விட்டார்கள்? இதைத்தான் பேச விரும்புகிறேன்.

அவர்களுக்குத் தகவல் போதவில்லை என்று சொல்வது வழக்கம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. வேண்டிய தகவல் பெரும்பாலும் வந்து சேர்ந்தது. வந்ததை நம்பவிடாமல் தடுத்தது அவர்களுடைய அனுபவம்தான். 1908-இல் ஆஸ்திரியா போஸ்னியாவைத் தன்னோடு இணைத்துக்கொண்டபோது போர் வரும் என்றார்கள், வரவில்லை. 1911-இல் மொராக்கோவின் அகாதிர் துறைமுகத்துக்கு ஜெர்மனி ஒரு போர்க்கப்பலை அனுப்பியபோதும் அப்படியே பேசினார்கள். அதுவும் பேசித் தீர்ந்தது. 1912-13 பால்கன் போர்களின்போது லண்டனில் தூதர்கள் மாநாடு கூடியது. பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சர் எட்வர்ட் கிரே தலைமையில் ஐந்து தூதர்கள் மாதக்கணக்கில் உட்கார்ந்து பேசி, போர் பெரிய நாடுகளுக்குப் பரவாமல் பார்த்துக்கொண்டார்கள். இந்த வெற்றிகள் அவர்கள் மனத்தில் ஆழமாகப் படிந்திருந்தன. 1914 மே மாதத்தில் பிரிட்டிஷ் வெளியுறவுத் துறையின் மூத்த அதிகாரி ஆர்தர் நிக்கல்சன், தாம் அந்தத் துறைக்கு வந்தபின் கடல் இவ்வளவு அமைதியாக இருந்து பார்த்ததில்லை என்று எழுதினார். சரயேவோ கொலைக்குப் பிறகும், இது மேலும் சிக்கலாகாது என்றே அவர் நம்பினார்.

கொலையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சுட்டவர் 19 வயது கவ்ரிலோ பிரின்சிப், போஸ்னியச் செர்பியர். அதாவது ஆஸ்திரியக் குடிமகன். ஆனால் அவருக்கும் கூட்டாளிகளுக்கும் துப்பாக்கியும் குண்டும் செர்பியத் தலைநகர் பெல்கிரேடில் கிடைத்தன. கொடுத்தவர்கள் செர்பியப் படை மேஜர் தாங்கோசிச்சும், ரயில்வே ஊழியர் சிகானோவிச்சும். இவர்களுக்குப் பின்னால் 'கறுப்புக் கை' என்ற இரகசிய அமைப்பு இருந்தது. அதன் முக்கியப் புள்ளி திமித்ரியேவிச்தான் செர்பியப் படையின் உளவுத்துறைத் தலைவர். அந்த அமைப்புக்கும் பிரதமர் நிக்கோலா பாஷிச்சுக்கும் ஆகாது. ஆக, அரசுக்குள்ளேயே அரசை எதிர்க்கும் ஒரு கூட்டம். பெல்கிரேடில் இருந்த தூதர்கள் இதைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் மோப்பம் பிடித்தார்கள்.

இப்போது வியன்னாவுக்கு வருவோம். கொலை நடந்த இரண்டாம் நாள், அங்கே ஜெர்மன் தூதராக இருந்த சிர்ஷ்கி பெர்லினுக்கு ஓர் அறிக்கை அனுப்பினார். செர்பியாவோடு கணக்குத் தீர்க்க வேண்டும் என்று இங்கே எல்லோரும் பேசுகிறார்கள், அவசரப்பட வேண்டாம் என்று நான் அமைதியாக, ஆனால் அழுத்தமாக எச்சரித்து வருகிறேன் என்றார். நல்ல தூதர் செய்ய வேண்டிய வேலை அது. அறிக்கை பேரரசர் மேசைக்குப் போனது. அவர் ஓரத்தில் கிறுக்கி வைத்தார்: இப்படி எச்சரிக்க இவருக்கு யார் அதிகாரம் கொடுத்தது, செர்பியர்களோடு இப்போது தீர்க்காவிட்டால் எப்போதும் தீராது என்ற பொருளில். சிர்ஷ்கிக்கு விஷயம் புரிந்துவிட்டது. அதன்பின் அவர் வாயிலிருந்து எச்சரிக்கை வரவில்லை. வியன்னாவை முடுக்கிவிடுகிறவராக மாறினார். மேலிடம் எதைக் கேட்க விரும்புகிறது என்று தெரிந்த பிறகு தூதரின் கண்ணே மாறிவிடுகிறது. அந்தக் கோடை முழுவதும் பல தலைநகரங்களில் இது நடந்தது.

ஜூலை 5-ஆம் தேதி வியன்னாவிலிருந்து ஹோயோஸ் பிரபு பெர்லினுக்கு ஓலை கொண்டு போனார். ஆஸ்திரியா என்ன செய்தாலும் ஜெர்மனி துணை நிற்கும் என்ற உறுதி அன்றும் மறுநாளும் கிடைத்தது. தொகை எழுதாமல் கையெழுத்துப் போட்ட காசோலை என்று வரலாற்றாசிரியர்கள் இதைச் சொல்வார்கள். மறுநாளே பேரரசர் நார்வே பக்கம் உல்லாசப் பயணம் கிளம்பினார்.

அதன்பிறகு வியன்னா மௌனமானது. அந்த மௌனம் திட்டமிட்டுக் கட்டப்பட்டது. படைத் தலைமைத் தளபதி கோன்ராடும் போர் அமைச்சரும் விடுமுறைக்கு அனுப்பப்பட்டார்கள். ஊரார் பார்த்து, ஒன்றுமில்லை என்று நினைக்க வேண்டும் என்பதற்காக. அறுவடைக்காக வீட்டுக்குப் போயிருந்த சிப்பாய்களைத் திரும்பக் கூப்பிடவில்லை. ஹங்கேரியப் பிரதமர் டிஸா போர் வேண்டாம் என்று ஜூலை 14 வரை முரண்டு பிடித்தார். தாமதத்துக்கு அதுவும் ஒரு காரணம். ஜூலை 19-ஆம் தேதி வெளியுறவு அமைச்சர் பெர்க்டோல்டின் வீட்டில் அமைச்சர்கள் கூடினார்கள். அடையாளம் தெரியாத கார்களில் வந்து இறங்கினார்கள். செர்பியாவுக்கு அனுப்ப வேண்டிய இறுதி எச்சரிக்கையின் வாசகம் அங்கே முடிவானது.

மூன்று வாரம் ஒன்றும் நடக்காததால், கோபம் ஆறிவிட்டது என்று மற்ற தலைநகரங்கள் எண்ணின. லண்டனில் அயர்லாந்துத் தன்னாட்சிப் பிரச்சினை, அல்ஸ்டரில் உள்நாட்டுச் சண்டை மூளுமோ என்ற பயம். பாரிஸில் கயோ அம்மையார் வழக்கு: அமைச்சரின் மனைவியான அவர் 'ஃபிகாரோ' பத்திரிகையின் ஆசிரியரைச் சுட்டுக் கொன்றிருந்தார். பத்திரிகைகள் பெரும்பாலும் அதையே எழுதின.

ஆனால் எல்லோரும் ஏமாந்துவிடவில்லை. வியன்னாவில் பிரிட்டிஷ் தூதர் மாரிஸ் டி பன்சன் இருந்தார். லுட்சோ பிரபு அவருக்குப் பழக்கம். ஆஸ்திரியாவின் தூதராக ரோமில் இருந்து ஓய்வு பெற்றவர். பெர்க்டோல்டைப் பார்த்துப் பேசிவிட்டு வந்திருந்தார், நடக்கப்போவதை நினைத்து அவருக்கே கலக்கம். டி பன்சனிடம் அவர் மனம் திறந்து சொன்னார்: செர்பிய அரசின் மேல் ஒரு குற்றப்பத்திரிகை போலத் தயாராகிறது, பெல்கிரேடு உடனே, நிபந்தனையில்லாமல் பணிய வேண்டும், இல்லாவிட்டால் படை போகும். ஜூலை 16-ஆம் தேதி டி பன்சன் இதை லண்டனுக்குத் தந்தி அடித்தார். ஒரு வாரம் கழித்து வரப்போகும் இறுதி எச்சரிக்கையின் உள்ளடக்கம் பெரும்பாலும் அதில் இருந்தது!

லண்டன் அதை என்ன செய்தது? படித்தது, கோப்பில் வைத்தது. ஆஸ்திரியா அவ்வளவு தூரம் போகாது என்பது நிக்கல்சனின் எண்ணம். டி பன்சன் தமக்குத் தெரிந்ததை ரஷ்யத் தூதர் ஷெபெக்கோவிடமும் சொன்னார்; செய்தி பீட்டர்ஸ்பர்க் போனது. ரஷ்ய வெளியுறவு அமைச்சர் சாஸோனவ் ஆஸ்திரியத் தூதர் சாப்பாரியைக் கூப்பிட்டுக் கேட்டார். அப்படியெல்லாம் ஒன்றுமில்லை என்று சாப்பாரி சொன்னதும் அமைச்சர் சமாதானம் ஆகிவிட்டார். ஷெபெக்கோவும் வியன்னாவில் விசாரித்தார். கடுமையான கோரிக்கை எதுவும் வராது என்று உறுதி சொன்னார்கள். அதை நம்பி ஜூலை 21-ஆம் தேதி அவர் விடுமுறைக்கு ரயிலேறினார். அதற்கு இரண்டு நாள் கழித்து செர்பியாவுக்கு இறுதி எச்சரிக்கை ஓலை போனது.

ஷெபெக்கோவை முட்டாள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரு வெளியுறவு அமைச்சகம் முகத்துக்கு நேராகப் பொய் சொல்லாது என்ற நம்பிக்கையின்மேல்தான் அந்தத் தொழிலே நின்றது. அந்த நம்பிக்கையைப் பெர்க்டோல்டின் அமைச்சகம் அந்த மாதம் காலில் போட்டு மிதித்தது. என் கணக்கில் அது அந்தக் கோடையின் பெரிய குற்றங்களில் ஒன்று. ஐரோப்பா தூக்கத்தில் நடந்துபோய்ப் போரில் விழுந்தது என்று எழுதுகிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். வியன்னாவில் விழித்துக்கொண்டு முடிவெடுத்தவர்கள் இருந்தார்கள்.

பெல்கிரேடில் இந்த நேரத்தில் விசித்திரமான ஒரு மரணம் நிகழ்ந்தது. ரஷ்யாவின் தூதர் நிக்கோலாய் ஹார்ட்விக் அங்கே வெறும் தூதர் அல்ல. செர்பிய அரசு அவர் சொல்லைக் கேட்டு நடந்தது என்பார்கள். இளவரசர் கொலையான இரவு அவர் வீட்டில் சீட்டாட்ட விருந்து நடத்தினார், இரங்கல் நாளில் கொடியை அரைக்கம்பத்துக்கு இறக்கவில்லை என்றெல்லாம் ஊரில் பேச்சு. அதை மறுத்து விளக்கம் சொல்ல ஜூலை 10 இரவு அவரே ஆஸ்திரியத் தூதர் கீஸலின் வீட்டுக்கு வந்தார். பேசிக்கொண்டிருக்கும்போதே சரிந்து விழுந்தார், உயிர் போய்விட்டது. இதய நோய் அவருக்கு முன்பே உண்டு. ஓடி வந்த அவருடைய மகள், அப்பா இங்கே எதையாவது சாப்பிட்டாரா, குடித்தாரா என்று கேட்டார். அவர் புகைத்துப் போட்ட சிகரெட் துண்டுகளை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். துக்கத்திலும் அந்தப் பெண்ணுக்கு முதலில் தோன்றியது விஷம் என்ற எண்ணம்தான். ஆஸ்திரியன் விஷம் வைத்துவிட்டான் என்ற வதந்தி மறுநாளே ஊரெங்கும் பரவியது. இரண்டு நாடுகளும் ஒன்றையொன்று எந்தக் கண்ணால் பார்த்தன என்பதை ஆயிரம் தந்திகளைவிட இந்தச் செயல் எனக்குத் தெளிவாகச் சொல்கிறது. ஹார்ட்விக் இருந்திருந்தால் போர் நின்றிருக்கும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் முக்கியமான அந்த இரண்டு வாரங்களில் பெல்கிரேடில் ரஷ்யாவுக்கு அனுபவமுள்ள ஒரு குரல் இல்லாமல் போனது உண்மை.

இறுதி எச்சரிக்கையைக் கொடுக்க வியன்னா குறித்த நேரம் ஜூலை 23 மாலை ஆறு மணி. ஏன் அந்த நாள், அந்த நேரம்? புவான்காரே மூன்று நாள் பயணமாக ரஷ்யா போயிருந்தார். அவர் பீட்டர்ஸ்பர்க்கில் ரஷ்யப் பேரரசரோடு இருக்கும்போது ஓலை போனால் இரண்டு பேரும் கலந்து பேசி முடிவெடுத்துவிடுவார்கள். அதனால் அவருடைய கப்பல் கிளம்பும் நேரத்தை விசாரித்து, அதற்கேற்ப நேரம் குறித்தார்கள். பிரான்சின் தலைவரும் பிரதமரும் கடல் நடுவில். கம்பியில்லாத் தந்தி சரியாகக் கேட்கவில்லை. அவர்கள் கரையேறியது ஜூலை 29-இல். இடைப்பட்ட நாள்களில் பீட்டர்ஸ்பர்க்கில் இருந்த பிரெஞ்சுத் தூதர் பாலியோலாக், முழு ஆதரவு உண்டு என்று தம் போக்கில் ரஷ்யர்களுக்கு உறுதி கொடுத்துக்கொண்டிருந்தார்.

பெல்கிரேடில் பிரதமர் பாஷிச் ஊரில் இல்லை. தேர்தல் பிரசாரத்துக்குப் போயிருந்தார். நிதியமைச்சர் பாச்சுதான் கீஸலைச் சந்தித்தார். அவருக்குப் பிரெஞ்சு மொழி வராது; பக்கத்தில் ஓர் அதிகாரி மொழிபெயர்த்தார். 48 மணி நேரத்தில் பதில் வேண்டும் என்றார் கீஸல். அமைச்சர்கள் பலர் வெளியூரில் இருக்கிறார்களே என்று பாச்சு சொன்னார். ரயிலும் தந்தியும் இருக்கும் காலத்தில், இவ்வளவு சின்ன நாட்டில் அவர்கள் வந்து சேரச் சில மணி நேரம் போதும் என்று பதில் வந்தது. பாச்சு காகிதத்தைக் கையில் வாங்கவில்லை. கீஸல் அதை மேசைமேல் வைத்துவிட்டு, என்ன செய்துகொள்வதோ செய்துகொள்ளுங்கள் என்று சொல்லிப் போனார்.

பத்துக் கோரிக்கைகள். ஆறாவது, செர்பிய மண்ணில் நடக்கும் விசாரணையில் ஆஸ்திரிய அதிகாரிகள் பங்கெடுக்க வேண்டும் என்பது. எந்தத் தன்னுரிமை நாடும் இதற்கு இணங்காது என்று அதை எழுதியவர்களுக்கே தெரியும். இணங்கக் கூடாது என்றுதான் எழுதினார்கள். 24-ஆம் தேதி காலை பிரதி கையில் கிடைத்ததும் சாஸோனவ் இது ஐரோப்பியப் போர் என்று பிரெஞ்சில் கத்தினார். லண்டனில் அமைச்சரவை அல்ஸ்டர் மாவட்டங்களின் எல்லையைப் பற்றிப் பேசி முடித்த களைப்பில் இருந்தது. அப்போது கிரே அந்த வாசகத்தைப் படித்துக் காட்டினார். டி பன்சனின் தந்தி வந்து அன்றோடு எட்டு நாள் ஆகியிருந்தது.

25-ஆம் தேதி மாலை. செர்பியப் பதிலில் கடைசி நிமிடம் வரை அடித்தல், திருத்தல். தட்டச்சுப் பொறி பழுதாகிவிட, மிச்சத்தைக் கையால் எழுதினார்கள். ஆறு மணிக்குச் சில நிமிடம் இருக்கும்போது பாஷிச் தாமே அதைக் கொண்டுபோய்க் கொடுத்தார். ஏறக்குறைய எல்லாக் கோரிக்கைக்கும் இணக்கம் தெரிவித்திருந்தார்கள். ஆறாவதை மட்டும் மறுத்திருந்தார்கள். கீஸல் பயண உடையில் இருந்தார். பெட்டிகள் கட்டியாகிவிட்டன, சங்கேதப் புத்தகங்கள் எரிந்துவிட்டன. பதிலை ஒருமுறை பார்த்தார். முன்பே எழுதிவைத்திருந்த உறவுமுறிப்புக் கடிதத்தில் கையெழுத்திட்டு அனுப்பினார். ஆறரை மணி ரயிலில் ஏறி சாவா ஆற்றைத் தாண்டிவிட்டார். இரண்டு நாட்டுக்கும் இடையே பேச இருந்த கடைசி வழி அரை மணி நேரத்தில் அடைபட்டது.

கிரே அப்போதும் 1913-ஐ நினைத்துக்கொண்டிருந்தார். தொடர்பில்லாத நான்கு நாடுகளின் தூதர்கள் லண்டனில் கூடிப் பேசலாம் என்று 26-ஆம் தேதி அழைத்தார். ஜெர்மனி மறுத்தது. ஒரு காலத்தில் பலித்த மருந்து இப்போதும் பலிக்கும் என்று அவர் நம்பியதை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் அந்த நம்பிக்கையில் பத்து நாள் முன்பே அவர் கடுமையாகப் பேசாமல் விட்டதைக் குறை சொல்வேன். 28-ஆம் தேதி காலை, கடற்பயணத்திலிருந்து திரும்பிய ஜெர்மன் பேரரசர் செர்பியாவின் பதிலைப் படித்துவிட்டு, இனிப் போருக்குக் காரணமே இல்லை என்று எழுதினார். அதே நாள் வியன்னா போர் அறிவித்தது. பெல்கிரேடில் ஆஸ்திரியத் தூதர் யாரும் இல்லாததால், அறிவிப்பு சாதாரணத் தந்தியாக, செர்பிய அரசு இடம்பெயர்ந்திருந்த நிஷ் நகரத்துக்குப் போனது. இது உண்மைதானா, யாராவது ஏமாற்றுகிறார்களா என்று பாஷிச்சுக்கே சந்தேகம் வந்தது. கயோ அம்மையார் விடுதலையானதும் அதே நாளில்தான்.

இந்தக் கதையில் என் மனம் மிகவும் பதிந்த மனிதர் லண்டனில் இருந்த ஜெர்மன் தூதர் லிக்னோவ்ஸ்கி. ஜூலை முதல் வாரமே அவர் கிரேயைத் தனியாகச் சந்தித்து, ஆஸ்திரியா ஏதோ செய்யப்போகிறது, பெர்லினில் கவலைதரும் மனநிலை இருக்கிறது என்று சொன்னார். சண்டையைச் செர்பியாவோடு நிறுத்திவிட முடியாது, பிரான்ஸ் தாக்கப்பட்டால் பிரிட்டன் சும்மா இருக்காது என்று பெர்லினுக்குத் திரும்பத் திரும்ப எழுதினார். பெர்லின் காது கொடுக்கவில்லை. இவர் இங்கிலாந்துக்காரர்களின் அன்பில் மயங்கிவிட்டார் என்றார்கள். ஒரு நாட்டை நேசித்துப் புரிந்துகொண்டவன் சொல்வதை, நேசிக்கிறான் என்ற காரணத்துக்காகவே தள்ளிவைத்தார்கள். அவரும் தவறாதவர் அல்ல. ஆகஸ்ட் 1-ஆம் தேதி கிரே சொன்ன ஏதோ ஒன்றைப் பிடித்துக்கொண்டு, பிரிட்டன் ஒதுங்கி நிற்கும் என்று தந்தி அடித்தார். பெர்லின் சில மணி நேரம் மகிழ்ந்தது, பிறகு அது பொய்த்தது. மறுநாள் பிரதமர் ஆஸ்க்வித்தின் முன்னால் லிக்னோவ்ஸ்கி அழுதுவிட்டார்.

பீட்டர்ஸ்பர்க்கில் ஜெர்மன் தூதர் பூர்தாலெஸும் அழுதார். ஆகஸ்ட் 1 மாலை ஏழு மணியளவில் சாஸோனவின் அறைக்குப் போய், ரஷ்யா தொடங்கியிருந்த படைதிரட்டலை நிறுத்துவீர்களா என்று மீண்டும் மீண்டும் கேட்டார். முடியாது என்ற பதில் மாறவில்லை. சட்டைப்பையிலிருந்து போர் அறிவிப்பை எடுத்துக் கொடுத்துவிட்டு, சன்னல் பக்கம் திரும்பிக் கண்ணீர் விட்டார். ரஷ்யாவின் பதில் எப்படி இருந்தாலும் பொருந்தட்டும் என்று பெர்லின் இரண்டு மாற்று வாசகங்களை அனுப்பியிருந்தது. பதற்றத்தில் இரண்டும் சேர்ந்தே அந்தத் தாளில் இருந்தன.

ஆகஸ்ட் 4-இல் பிரிட்டன் போரில் இறங்கியதும் இந்தியாவும் இறங்கியது. நம் மக்களை யாரும் கேட்கவில்லை. செப்டம்பர் 22 இரவு ஜெர்மன் போர்க்கப்பல் எம்டனின் குண்டுகள் சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்தின. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் கடல் கடந்து அந்தப் போருக்குப் போனார்கள்.

போர் தொடங்கியதும் ஒவ்வொரு அரசும் தன் தூதர்களின் தந்திகளைப் புத்தகமாக அச்சிட்டது. ஜெர்மனி வெள்ளை, பிரிட்டன் நீலம், ரஷ்யா ஆரஞ்சு, பிரான்ஸ் மஞ்சள். வசதியில்லாத தந்திகளை விட்டார்கள். சிலவற்றின் வாசகத்தையே மாற்றினார்கள். லிக்னோவ்ஸ்கி 1916-இல் தம் நியாயத்தை எழுதி நண்பர்களுக்கு மட்டும் கொடுத்தார். அது வெளியே கசிந்தது. 1918-இல் பிரஷ்ய மேலவை அவரை வெளியேற்றியது.

கடைசியாக ஒரு தந்தியைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். ஆஸ்திரிய வெளியுறவுத் துறை, கொலையில் செர்பிய அரசுக்குப் பங்கு உண்டா என்று பார்க்க விஸ்னர் என்ற அதிகாரியைச் சரயேவோவுக்கு அனுப்பியது. ஜூலை 13-ஆம் தேதி அவர் தந்தி அடித்தார். அதில் ஒரு பகுதி, செர்பிய அரசுக்குக் கொலைத் திட்டம் தெரியும் என்பதற்குச் சான்று இல்லை, அப்படி ஐயப்படவும் இடமில்லை என்றது. இன்னொரு பகுதி, திட்டம் பெல்கிரேடில்தான் உருவானது, ஆயுதம் கொடுத்தவர்கள் தாங்கோசிச்சும் சிகானோவிச்சும் என்றது. இரண்டும் உண்மை, நேர்மையான அறிக்கை. 1914 ஜூலையில் வியன்னா இரண்டாவது பகுதியை எடுத்துக்கொண்டு, முதல் பகுதியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டியது. 1919-இல் பாரிஸ் அமைதி மாநாட்டில், போருக்குப் பொறுப்பு யார் என்று ஆராய்ந்த குழுவின் அமெரிக்க உறுப்பினர்கள் முதல் பகுதியை மட்டும் மேற்கோள் காட்டினார்கள். இரண்டாவது பகுதியை அவர்கள் விட்டுவிட்டார்கள்.